வாத்தியார் வீட்டைச் சுற்றிப்போன கோடு

முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்த மனுஷன் பள்ளத்தில் வீடு கட்டினார். சும்மா பள்ளம் இல்லை. சாவா என்ற பெரிய ஆற்றில் போய்ச் சேரும் எங்கள் சின்ன ஆறு ஒரு காலத்தில் படுத்துப் புரண்ட பள்ளம். ராதிசாவ் வாத்தியார் இதை மற்றவர்கள் சொல்லும் முன்னே தானே சொல்லிவிடுவார். "தண்ணி எங்க போகும்னு ஊருக்கே பாடம் எடுத்தேன். என் காதுல மட்டும் அது விழல" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்த வாயால் யாரும் உடனே திட்டமாட்டார்கள், அதில் அவருக்கு ஒரு சௌகரியம்.

அவர் வேடிக்கையாகக்கூட வெளியே சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது.

நகராட்சி வெள்ள வரைபடம் போட்டபோது அவர் தெரு முழுக்கச் சிவப்புக் கோட்டுக்குள் விழுந்தது. நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வெள்ளம் தொடுகிற இடம் என்று அதற்கு அர்த்தம். நூறு வருஷம் என்றதும் நம் ஆட்கள் பேரன் காலத்துச் சமாசாரம் என்று தூங்கப் போய்விட்டார்கள். வாத்தியாருக்குக் கணக்குத் தெரியும். அந்த வீட்டில் முப்பது வருஷம் குடியிருந்தால் தண்ணீர் உள்ளே வர நாலில் ஒரு வாய்ப்பு. தெரிந்து என்ன செய்ய? சிவப்புக்குள் மாடி எழுப்ப அனுமதி கிடையாது. அவரோ மாடியை எழுப்பி, ஓடும் வேய்ந்துவிட்டு, அதற்கப்புறம் அனுமதிக்கு மனுக் கொடுத்திருந்தார். எங்கள் ஊரில் எல்லாரும் அந்த வரிசையில்தான் கட்டுவோம்.

வரைபடம் போட்ட அலுவலகத்தில் குவோஸ்தென் இருந்தார். வாத்தியார் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர். அந்த உறவுக்குக் கூம் என்று பெயர். கூடப்பிறந்தவனிடம் முடியாது என்று சொல்லலாம், கூமிடம் சொல்ல முடியாது.

"ஒரு சின்ன வளைவு, கூமே. என் வீட்டுக்கு முன்னாடி வந்ததும் கோடு ஒதுங்கி, அந்தப் பக்கம் போய்ச் சேந்துக்கட்டும்."

"ஆறு அப்படி ஒதுங்காதே, கூமே."

"ஆறு என்ன வரைபடத்தைப் பாத்துட்டா வருது?"

குவோஸ்தென் பெருமூச்சு விட்டார், கோட்டை வளைத்தார். வளைவு கொஞ்சம் தாராளமாகப் போய்ப் பக்கத்திலிருந்த காலி வீட்டையும் சிவப்புக்கு வெளியே தள்ளிவிட்டது. சரி, அவர்களுக்கும் நல்லதுதானே என்று வாத்தியார் நினைத்தார். பெரிய தர்மப்பிரபு.

அடுத்த வருஷம் நெவெனா அந்த வீட்டை வாங்கினாள். வாத்தியாரிடம் படித்தவள். புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு வாரக்கணக்கில் ஜெர்மனிப் பக்கம் போய்விடுவான், கையில் எட்டு மாதக் குழந்தை. வந்த அன்றே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்: "வரைபடத்தைப் பாத்துட்டுத்தான் வாங்கினோம் சார். வீடு வாங்குறதுக்கு முன்னாடி தண்ணி வழியைப் பாருங்கன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

"நீ நல்ல மாணவிம்மா. வாத்தியார்தான் சரியில்ல" என்றார். அவள் சிரித்தாள். உண்மையைச் சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று.

அந்த மே மாதம் பத்து நாள் விடாமல் மழை. வாத்தியார் குடும்பத்தின் காவல் புனிதர் நிக்கோலாவின் திருநாள் அன்று காலையில், தீயணைப்பு வண்டி மணல் மூட்டைகளோடு தெருவுக்குள் வந்தது. வண்டியோடு வந்த தீயணைப்புக்காரன் மிலோயே கையில் பட்டியல் வைத்திருந்தான். எதிர் வீட்டுக்கு நாற்பது மூட்டை இறக்கினான்.

"உங்க பேரு இதுல இல்ல வாத்தியாரே. நீங்க காய்ஞ்ச பக்கம்."

"ஆமாப்பா, நாங்க மேட்டுக்குடி" என்றார் வாத்தியார். மிலோயே சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

வேலியோரம் நெவெனா குழந்தையோடு நின்றாள். "எதிர் வீட்டுக்காரங்க கிளம்புறாங்க சார். நாங்களும் போகணுமா? பட்டியல்ல எங்க பேரு இல்லங்கிறாங்க."

"இன்னைக்கு எங்க வீட்டுல விசேஷம். குழந்தையத் தூக்கிட்டுச் சாப்பிட வாம்மா" என்றார். கேட்ட கேள்வி என்ன, சொன்ன பதில் என்ன. வீட்டுக்குள் போகும்போது அவருக்கே தன்னைப் பிடிக்கவில்லை.

மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. கூப்பிடாமலே ஊர் வருகிற நாள், மழையால் குவோஸ்தென் ஒருவர்தான் வந்திருந்தார். அன்றைக்கு வீட்டுக்காரன் உட்காரக் கூடாது, நின்றுகொண்டே பரிமாற வேண்டும். வாத்தியார் பிளம் சாராயம் எடுக்க நிலவறைக்கு இறங்கினார். கணுக்கால் வரை சில்லென்று தண்ணீர்.

தெளிந்த தண்ணீர். குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். ஆறு கரையேறி வந்தால் கலங்கலாக வரும். இது தரைக்கு அடியில் ஊறி வருவது, ஆறு முன்கூட்டியே அனுப்பி வைக்கிற ஆள். ஏழாம் வகுப்புப் பாடம்.

மேலே வந்து சொன்னார். "கரை தாங்கும், கூமே" என்றார் குவோஸ்தென், ஆட்டுக்கறியை மென்றபடி.

"கரை தாங்கும். உன் கோடு தாங்காது."

மனைவி விதோசாவா கரண்டியைக் கீழே வைத்தாள். "இப்பவாவது போயி அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க."

"மெழுகுவத்தி எரியுது, விருந்தாளி இருக்காரு. வீட்டுக்காரன் வெளிய போகலாமா?"

"ஆத்துக்குப் போட்ட சிவப்புக் கோட்டையே வளைச்ச மனுஷன், இதுக்குப் போயி சாஸ்திரம் பாக்குறீங்க."

வாத்தியார் மழையில் வேலியைத் தாண்டிப் போனார். அறுபத்திரண்டு வயதில் வேலி தாண்டுவது பார்க்கச் சகிக்காது, கால்சட்டை கிழிந்தது. கதவைத் திறந்த நெவெனாவிடம் ஒரே மூச்சில் சொன்னார்: "நம்ம ரெண்டு வீடும் சிவப்புக்குள்ளதான் இருக்கு. கோட்டை வளைக்கச் சொன்னது நான்தான். குழந்தையத் தூக்கிட்டு எங்க மாடிக்கு வந்துடு."

அவள் குழந்தையைத் தூக்கினாள்.

ஒரு மணி நேரத்தில் பின்பக்கக் கால்வாயில் தண்ணீர் எதிர்த்து ஏறியது, பிறகு ஆறே வந்தது. இரண்டு மணிக்கு நெவெனா வீட்டு ஜன்னல்கள் பாதி முழுகின. அனுமதியில்லாமல் எழுப்பி, கள்ளக் கோட்டால் அனுமதி வாங்கிய அந்த மாடியில் ஐந்து பேரும் இருந்தார்கள். விதோசாவா அணையாமல் மெழுகுவர்த்தியையும், திருநாளுக்கென்று அவித்த கோதுமைப் பண்டத்தையும் மேலே கொண்டுவந்திருந்தாள். குவோஸ்தென் கறித்தட்டைக் காப்பாற்றியிருந்தார்.

நெவெனா ஜன்னலோரம் நின்று தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் வழக்கம்போல் ஆரம்பித்தார்.

"வரைபடம் படிக்கிறதுல உனக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டேன். எனக்கு ஒண்ணு போட்டாக்கூட அதிகம். படிச்ச முட்டாள், பூகோளக் கழுதை..."

"போதும் சார்." அவள் திரும்பினாள். "உங்களை நீங்களே இப்படித் திட்டித் தீத்துட்டா, திட்டுறதுக்கு எங்களுக்கு என்ன மிச்சம் இருக்கு? சிரிச்சுட்டுப் போகணுமா? என் வீடு அங்க முழுகிக் கிடக்கு."

வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். நாலு மணிக்கு, மழை இருட்டில் ஜன்னலில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தைப் பார்த்துப் படகைத் திருப்பிக்கொண்டு வந்த மிலோயே, "இந்த வீடு பட்டியல்லயே இல்லையே" என்று சொன்னபோதும் அவர் பேசவில்லை.

சிவப்புக்குள் இருந்த வீடுகளுக்கு நிவாரணம் வந்தது. நெவெனாவின் மனு திரும்பி வந்தது: வரைபடப்படி உங்கள் வீட்டில் வெள்ளம் வர வழியில்லை.

செப்டம்பரில் நகராட்சி புது வரைபடத்துக்குக் கூட்டம் போட்டது. முந்தின நாள் வாத்தியார் குவோஸ்தென் வீட்டுக்குப் போனார். சொன்னால் தன் மாடி போகும், கூமின் வேலை போகும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.

"போய்ச் சொல்லு, கூமே" என்றார் குவோஸ்தென். "அன்னைக்கும் உன்கிட்ட முடியாதுன்னு சொல்ல வரல, இன்னைக்கும் வரல."

கூட்டத்தில் வாத்தியார் எழுந்ததும் ஜனங்கள் சிரிக்கத் தயாராக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"பழைய வரைபடத்துல இருக்குற வளைவு நான் என் கூம்கிட்டக் கேட்டு வாங்கினது. என் வீடும் நெவெனா வீடும் முன்னாடியே சிவப்புக்குள்ளதான் இருந்துச்சு. அப்படியே பதிவு பண்ணுங்க. அந்தப் பொண்ணு அதை நம்பி வீடு வாங்கிச்சு."

ஜனங்கள் காத்திருந்தார்கள். அடுத்து ஒரு வேடிக்கை வரும், எப்போதும் வரும்.

"வேற ஏதாவது சொல்லணுமா, வாத்தியாரே?" என்று தலைவர் கேட்டார்.

மூன்றாம் வரிசையில் நெவெனா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.