பதினோரு நாள் மௌனம்

...பேசாதே என்று சொன்னது தான்தானே, வேறு யாருமில்லையே, என்று சுலக்ஷனாவின் மனசு மறுபடியும் அங்கேயே போய் நின்றது. ஹட்டன் கோர்ட்டு வராந்தாவில், மர வாங்கில், ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாள், சிறுவர் வழக்கு என்று கதவைச் சாத்திவிட்டார்கள், உள்ளே பிள்ளையின் தாய் பூரணியை மட்டும்தான் விட்டார்கள், சங்கத்து அடையாள அட்டையைக் காட்டியும் வாசலில் நின்ற பொலிஸ்காரர் தலையை மட்டும் ஆட்டினார். போன் அதிர்ந்தது. சங்கத் தலைவர் விஜிதரனின் குறுஞ்செய்தி. 'மாத அறிக்கை எங்க? நோர்வூட் வகுப்ப முதல்ல போடுங்க.' போடலாம்... இளைஞர் நீதிச் சங்கம் நோர்வூட்டில் நடத்திய சட்ட வகுப்பில் முப்பத்தொரு பேர் கலந்துகொண்டார்கள், ஒன்பது பேர் புதிதாக அங்கத்தவரானார்கள், பொலிஸ் பிடித்தால் என்ன செய்வது என்று செயலாளர் சுலக்ஷனா விளக்கினார்... அந்த ஒன்பது பேரில் ஒருத்தி பதினோரு நாளாகத் தடுப்பு இல்லத்தில் இருக்கிறாள் என்பதை எந்த வரியில் போடுவது?

ஜீவராணிக்குப் பதினாறு வயசு, முன்வரிசையில் உட்கார்ந்து கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட பிள்ளை. பெத்தவங்க வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க, அது ஒங்க உரிமை என்று இவள் எவ்வளவு எடுப்பாகச் சொன்னாள், எல்லாரும் கைதட்டினார்கள், அந்தக் கைதட்டல் பிடித்துத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? அடுத்த வாரமே தோட்டத்து லய வீடுகளுக்கு ஐந்து நாள் தண்ணீர் வராமல் பெண்கள் குடங்களோடு ரோட்டை மறித்தார்கள், எங்கிருந்தோ வந்த கல் தோட்டத்துத் துரையின் ஜீப் கண்ணாடியை உடைத்தது, பக்கத்தில் நின்ற ஜீவராணியைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். கதா கரன்ன, கதா கரன்ன, பேசு பேசு என்று சிங்களத்தில் அதட்டினார்களாம், அவள் வாயைத் திறக்கவில்லையாம். தகப்பன் இல்லாத பிள்ளை. கொழும்பில் வீட்டு வேலை செய்யும் பூரணி இராப் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எழுதி முடித்துவிட்டார்கள், விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று. நான் எறியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பார்களோ... இல்லை, உண்மையில் எறிந்திருப்பாளோ? அதைக் கேட்கவே இல்லையே, கேட்கப் பயம். காலையில் கோர்ட்டுக்கு வந்த பொகவந்தலாவை பஸ்ஸில் மகளின் உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு பூரணி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க புள்ள. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

கதவு திறந்தது. நன்னடத்தை அதிகாரி முதலில் வந்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பிறகு பூரணி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "விட்டுட்டாங்க புள்ள. அடுத்த தவணைக்குக் கூட்டிட்டு வரணுமாம்." பின்னால் ஜீவராணி, இளைத்துப் போய், தலைமுடியை யாரோ கட்டையாக வெட்டிவிட்டிருக்கிறார்கள். பதினோரு நாளாக ஒத்திகை பார்த்த வசனத்தை சுலக்ஷனா முந்திக்கொண்டு சொன்னாள். "நான் சொன்னதாலதான ஒனக்கு இப்பிடி..."

"இல்ல மிஸ். அவங்களே எல்லாம் எழுதி வச்சிருந்தாங்க, நான்தான் எறிஞ்சேன்னு. கையெழுத்து மட்டும் போடச் சொன்னாங்க. நீங்க சொன்னதாலதான் போடாம இருந்தேன்."

அப்படியென்றால் நான் கெடுக்கவில்லை, காப்பாற்றித்தான் இருக்கிறேன், விஜிதரனுக்கு இதை எழுதலாம், இந்த வார்த்தையை அப்படியே எழுதலாம்... ஜீவராணி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், பதினைந்து வயசு, பொகவந்தலாவைப் பக்கம், கையெழுத்துப் போட்டுவிட்டாள், நாலு மாதமாக யாரும் வரவில்லை...

"யாரச் சொல்ற?"

ஜீவராணி தாயிடமிருந்து உடுப்புப் பையை வாங்கிக்கொண்டாள். "ஏஞ்சலா, மிஸ். என்கூட உள்ள இருந்தவ. ரெண்டு தடவ சொல்லிட்டேன்."

பூரணி மகளின் கையைப் பிடித்துப் படியிறங்கினாள். சுலக்ஷனா அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். இரண்டு தடவை சொன்னாளாமே... இந்தப் பதினோரு நாளும் தூங்காமல் கிடந்தது, அது ஜீவராணிக்காகத்தானா?