கொக்கிடம் கேட்ட கேள்வி

ஜரினாவின் துக்கக் காலமான இத்தா முடியட்டும் என்று நாலு மாதம் பத்து நாள் காத்திருந்து, அவள் புருஷன் கலீல் ரகுமானுக்குப் பூந்தமல்லியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். இரங்கற்பா வாசிக்க ராகவனை விட்டால் யார்? இருபது வருடச் சிநேகிதம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கலீல் ஆடு மேய்ப்பான். ஞாயிறுதோறும் ராகவன் பைக்கில் போய்விடுவான். இருவரும் மாறி மாறிப் பாட்டுக் கட்டுவார்கள்.

அந்த ஒரு ஞாயிறுதான் போகவில்லை. கலீல் இரண்டு தடவை போன் செய்தான். புதுப் பாட்டாக இருக்கும், அரை மணி நேரம் அறுப்பான் என்று இரண்டையும் கட் பண்ணினான் ராகவன். பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதைக் கேட்டதே சாவுச் செய்தி வந்த பிறகுதான்.

"மச்சான், குட்டி ஒண்ணு சேத்துல மாட்டிகினு கீது. ஒத்த ஆளா முடியாது. சீக்கிரம் வாடா."

பைக்கில் ஐந்து நிமிஷ தூரம். குட்டியை இழுக்க இறங்கியவன் சேற்றோடு போனான், போனும் அவனோடு போயிற்று. ராகவன் மெசேஜை அழித்தான். பாவி, அழித்தால் போய்விடுமா?

மேடையில் அவன் தாளை விரித்தான். முன்வரிசையில் ஜரினா. இரங்கற்பாவில் ஆடுகள் புல்லைத் தொடவில்லை, கோரைகூட அழுதது. அடுத்த அடியில் பழியைத் தூக்கி ஒரு பறவை தலையில் போட்டிருந்தான் கவிஞன்.

"மேய்ப்பன் மூழ்கையிலே
கொக்கே, நீ எங்கிருந்தாய்?"

ஜரினா தேம்பினாள். "இன்னொரு தபா கேளுங்கண்ணே. நல்லா கேளுங்க."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். தெரிந்துதான் கேட்கிறாளா? முகத்தைப் பார்த்தான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் தாங்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் சாகும்வரை அவளுக்கு அண்ணனாகவே இருக்கலாம்.

தாளை மடித்தான்.

"கொக்கைக் கேக்க வேணாம்மா. என்னைக் கேளு. அன்னிக்கு எனக்குத்தான் போன் பண்ணான், கட் பண்ணிட்டேன். வாடான்னு மெசேஜும் அனுப்பினான்."

ஜரினாவின் அழுகை நின்றுவிட்டது.

"எத்தினி மணிக்கு?"

"நாலு இருபது."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அஞ்சு மணி வரிக்கும் அவுரு தண்ணில எறங்கவேயில்லியாம். ரோட்டையே பாத்துகினு நின்னாராம். எதிர்க்கரைல மீன் புடிக்கிறவரு சொன்னாரு. யாருக்காக நின்னாருன்னு இத்தினி நாளா தெரியாம இருந்தேன்."