பொறுமைசாலி

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அக்காளின் உடல்மேல் போர்த்திவிட்டுச் சம்பத் நிமிர்ந்தபோது, பந்தலுக்கு வெளியே பொன்னுரங்கம் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

எதற்கென்று சம்பத்துக்குத் தெரியும். பொன்னுரங்கம் அக்காள் அங்காளம்மாளின் கொழுந்தன். அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் வீட்டு ஆள்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று காலையிலேயே பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். "இன்னா சம்பத்து, சரிதானே?" என்று அவனையும் கேட்டார்கள். தலையை ஆட்டினான். சரி என்று ஆட்டினானா, வேண்டாம் என்று ஆட்டினானா என்பது அவனுக்கே விளங்கவில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், புருஷனின் காரியம் முடிந்த மறுநாள், அங்காளம்மாளை ஒரு தகரப்பெட்டியோடு கோவிலம்பாக்கத்திலிருந்து அழைத்து வந்து சேலையூரில் விட்டுப் போனவர் இதே பொன்னுரங்கம். பெட்டியை வாசற்படியில் வைத்தாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. "அவன் கையால எனுக்கு ஒரு வாய் தண்ணி கூட வேணாம்டா." அதை அவள் சொல்லாத வருஷமில்லை.

சம்பத்துக்கு அப்போது பதினேழு வயது. அன்றிலிருந்து அவனுக்கு வாய் அவள்தான். ரேஷன் கடையில் அளவு குறைந்தால் அவள் கேட்பாள். சானடோரியம் பக்கம் ஏற்றுமதிக் கம்பெனிகள் வந்தபோது, கேட்டில் மூன்று நாள் நின்று மேனேஜரின் காரை மறித்து, ஸ்டோர்ஸில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் "எங்க பையனுக்குப் புடிச்சிகீது" என்று சொன்னதும் அவள்தான். அவன் மனைவி தாயாரம்மாள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

போன மாதம் கம்பெனியில் இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். டை கட்டிய ஒருவர் வந்து, மனிதர்கள் நான்கு வகை என்று போர்டில் எழுதிப் போட்டார். ஆளுக்கொரு தாள். நாற்பது கேள்விக்கு டிக் அடித்துக் கூட்டினால் வகை தெரிந்துவிடும். சம்பத் மூன்றாவது வகை. பலம்: பொறுமை, யாரோடும் சண்டை போடாத குணம். வளர்த்துக்கொள்ள வேண்டியது: தனக்கு வேண்டியதை வாய்திறந்து கேட்பது.

சாயங்காலம் அதை அக்காளிடம் படித்துக் காட்டினான். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டுச் சிரித்தாள்.

"இத்த சொல்றதுக்கு டை கட்டிகினு ஒருத்தன் வரணுமா? என்னாண்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "உனுக்கு எதுக்குடா வாயி? அதான் நான் கீறேன்ல."

அந்த வார்த்தையில் அவனுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

நேற்றுக் காலை எட்டரை மணிக்கு, தண்ணீர்க் குடத்தை இறக்கியவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். நெஞ்சை அடைக்கிறது என்றாள். ஆட்டோவில் வைத்து கேம்ப் ரோட்டில் இருந்த நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனான். கவுன்ட்டரில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.

"சொல்லுங்க சார்."

"அக்காவுக்கு உடம்பு முடியல."

"டாக்டர் பத்தரைக்கு வருவார். உக்காருங்க."

உட்கார்ந்தான். பெஞ்சில் இவர்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர். அக்காளின் ரவிக்கை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"போய்க் கேளுடா."

போனான். இரண்டு பேர் பில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றான். அவன் முறை வந்தபோது, "இன்னும் வரலீங்களா?" என்று மட்டும் கேட்டான். "வந்துடுவார் சார்" என்றாள் அவள். திரும்பி வந்து, "இப்ப வந்துடுவாராம்க்கா" என்றான்.

கொஞ்ச நேரம் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு அவன் தோளை அழுத்தி எழுந்தாள். "நீ இருடா, நான் கேக்கிறேன்." வேண்டாம் என்று பின்னாலேயே போனான். நாலு எட்டு. கவுன்ட்டரின் விளிம்பைப் பிடித்தாள். "யம்மா..." என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். அவனுக்காக ஊரெல்லாம் கேட்ட குரல், அதற்கு மேல் எழவில்லை. சரிந்தவளை அவன் மார்பில் தாங்கினான்.

அதன் பிறகுதான் ஓடினார்கள். மாடியிலிருந்து ஒரு சின்ன டாக்டர் செருப்புக்கூட இல்லாமல் இறங்கி வந்தார். நெஞ்சை அழுத்தினார், ஊசி போட்டார், கையை விரித்தார். கவுன்ட்டர் பெண் அழுதுவிட்டாள்.

"நெஞ்சு வலின்னு நீங்க சொல்லவே இல்லையே சார்... டியூட்டி டாக்டர் மேலதானே இருந்தார்."

சம்பத் தலையை ஆட்டினான்.

இதை அவன் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லோரும் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். "திடீர்னு" என்றான். பாவம், பொறுமைசாலி, எப்படித் தாங்கப்போறானோ என்று அவன் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

பொன்னுரங்கத்தின் தலையில் ஒருவர் தண்ணீர் ஊற்றினார். பெண்களுக்கு நடுவிலிருந்து தாயாரம்மாள் எழுந்து வந்தாள். அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது.

"அக்கா இன்னா சொல்லிகினு இருந்துச்சுன்னு உனுக்குத் தெரியாதா? போய்ச் சொல்லு."

"இப்பப் போயி எப்பிடி தாயாரு..."

அவள் அவனையே பார்த்தாள்.

பந்தலுக்கு வெளியே வந்தான். மேளக்காரர்கள் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். "கொள்ளி நான் வெக்கிறேன்" என்றான். அது அவன் காதிலேயே விழவில்லை. இன்னும் கிட்டே போனான். ஈரவேட்டியோடு நின்ற பொன்னுரங்கத்தின் கையைப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"கொள்ளி நான்தான் வெப்பேன்!"

மேளம் நின்றுவிட்டது. தெருவே திரும்பிப் பார்த்தது. சம்பத் பிடித்த கையை விடவில்லை. சண்டை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

பொன்னுரங்கம் முகத்தில் வழிந்த நீரைத் துடைத்தார்.

"வெய்யி மச்சான். நான் இன்னா வேணாம்னா சொல்லப்போறேன்? உன்ன வளத்தவதானே."

"அதான் நியாயம்" என்றார் காலையில் வேறு விதமாகப் பேசி முடித்த பெரியவர். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். மேளம் மறுபடி தொடங்கியது.

எல்லாமே அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

சம்பத் அப்படியே நின்றான். சட்டைப் பொத்தான் கைக்கு அகப்படவில்லை. தாயாரம்மாள்தான் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டாள். இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றி, நெருப்புச் சட்டியின் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். பாடை எழுந்தது.

ஊர்வலம் கேம்ப் ரோட்டில் ஏறியபோது, தாம்பரம் போகும் பஸ் ஒன்று ஓரங்கட்டி நின்றது. முன்னால் நடந்த சம்பத் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். ஜன்னலோரம் இருந்த பெண், கைக்குழந்தையின் முகத்தைத் தன் தோள் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.