விதைக்கு வைத்த இறால்

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த றவூப் கறிக்கோப்பையின் மூடியைத் திறந்தான். பசி போய்விட்டது. குழம்பில் கிடந்தது வயிறு நிறைய முட்டை சுமந்திருந்த பெட்டை இறால். தொட்டியில் அதைவிடப் பெரிதாக வளர்ந்தது எதுவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் றவூப், கலியாணம் முடித்துக் குடிவந்த பெண்வீட்டு வளவில் சீமெந்துத் தொட்டிகள் கட்டி, கிட்டங்கி ஆற்று இறாலை இரண்டு வருடமாக வளர்க்கிறான். ஒன்றாகப் பொரித்த குஞ்சுகளில் எது முந்தி வளர்கிறதோ அதைப் பிரித்து, அதிலிருந்தே அடுத்த தலைமுறையை எடுப்பான். அப்படியே போனால் சீக்கிரம் வளரும் இனமொன்று கிடைக்கும் என்பது கணக்கு. மாமியார் சபியா உம்மாவின் கணக்கு வேறு. மருமகனின் பீங்கானில் விழுவது ஊரிலேயே பெரிய இறாலாக இருக்கவேண்டும்.

மாமியார் மருமகன் முன்னால் வருவதுமில்லை, கதைப்பதுமில்லை. எல்லாச் செய்தியும் மனைவி ஹாஜறா வழியாகத்தான். பெரிய இறாலைத் தொடவேண்டாம் என்று அவளிடம் சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது.

“தொட்டியில கைவைக்காதீங்க எண்டு மாப்பிள்ளை சொல்றார் எண்டு உம்மாட்ட எந்த வாயால சொல்ற?” என்றாள் ஹாஜறா. “நான் சொல்லவேயில்ல.”

றவூப் எழுந்து குசினித் திரைச்சீலைக்கு முன்னால் போய் நின்றான். உள்ளே தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

“மாமி, வேளாமை வெட்டினா விதைநெல்லக் குத்திச் சோறாக்குவீங்களா?”

 திரைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

“விதையெண்டு ஆரு மகன் சொன்ன? மாப்பிள்ளைக்குச் சின்ன றால் வெச்சா ஊர் காறித் துப்பும்.”

“துப்பட்டும் மாமி. எனக்குச் சின்னதே போதும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை சாய்ந்தமருதிலிருந்து அவனுடைய ராத்தா மைமூனா வந்தாள். தம்பியின் கோப்பையில் கிடந்த பொடி இறாலை எட்டிப் பார்த்தாள்.

“என்னடா தம்பி, பொண்ணூட்டுல ஒனக்குக் கூனிதானா?”

அவன் வாயெடுக்குமுன் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. “பெரிசெல்லாம் விதைக்காம். மாப்பிள்ளைட உத்தரவு.”

அஸர் தொழுகைக்குள் இந்தக் கதை சாய்ந்தமருது முழுக்கப் பரவிவிடும். மருமகனைப் பட்டினி போடும் வீடு என்பார்கள். அல்லது மாமியாருக்கு இறாலைப் பூட்டிவைத்த மருமகன் என்பார்கள். 

தொட்டியில் இன்னொரு பெட்டை மிஞ்சியிருந்தது. அதன் முட்டைகள் காலையிலேயே சாம்பல் நிறமாகிவிட்டன; இன்றோ நாளையோ பொரித்துவிடும். பொரிக்கும் குஞ்சுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும். வெயில் தாழ்வதற்குள் கடற்கரைக்குப் போய் எடுத்துவர வேண்டும். றவூப் கூனியைச் சோற்றில் பிசைந்து அவசரமாக விழுங்கினான்.