பச்சைக் கோட் போட்டவள்

செலீன் ஸ்டூலில் ஏறி, திருஇருதய ஆண்டவர் படத்தை இரண்டு கைகளாலும் ஆணியிலிருந்து தூக்கினாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் அனோஜாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"அம்மா, இப்ப என்னத்துக்கு உது? அஞ்சு மணிக்கு வியூவிங். சித்தப்பா காரை ஸ்டார்ட் பண்ணிப் போட்டு நிக்கிறார்."

"கதையாமப் பிடி."

கணவர் இக்னேசியஸ் கண்ணை மூடி இன்றைக்கு மூன்றாம் நாள். படத்தின் பின்னால் பதினைந்து வருடமாக ஒரு கடிதம் இருந்தது. அதை எடுத்து அவருடைய கோட் பையில் வைத்து, சவப்பெட்டியோடு அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் செலீனின் எண்ணம். உயிரோடு இருக்கும்போது சொல்லத் துணிவில்லாமல் போனதை இப்படியாவது அவரிடம் ஒப்படைத்துவிடலாம். பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியாரிடம் போனபோதுகூட இந்த ஒன்றை மட்டும் அவள் விழுங்கிவிட்டு வந்திருக்கிறாள்.

படம் கைக்குப் பாரமாக இருந்தது. இறக்கிச் சோபாவில் குப்புறக் கிடத்தினாள்.

கடிதத்தின் கதை ஒல்லாந்தில் தொடங்குகிறது. இக்னேசியஸ் கப்பலில் வேலை செய்து, றொட்டர்டாமில் இறங்கி, இறங்கினது இறங்கினதுதான் என்று அங்கேயே நின்றுவிட்டவர். பகலில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பின்னேரத்தில் படம் கீறப் படித்தார். படம் கீறுகிறவன் பட்டினி கிடக்கக்கூடாது என்று ஒல்லாந்துக்காரன் அந்தக் காலத்தில் ஒரு திட்டம் வைத்திருந்தான். வருமானமில்லாத ஓவியர்கள் தங்கள் படங்களை நகரசபைக்குக் கொண்டுபோனால் ஒரு குழு அவற்றைப் பார்க்கும். சரியென்றால் அரசாங்கம் வாங்கிக்கொண்டு சீவியத்துக்குப் பணம் தரும். செலீன் கலியாணம் கட்டிப் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த வீட்டு அடுப்பு எரிந்ததெல்லாம் அந்தப் பணத்தில்தான். நூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒன்றும் வீட்டில் மிஞ்சவில்லை.

எண்பத்தேழில் திட்டத்தை நிற்பாட்டினார்கள். கண்ட கண்ட படங்களையெல்லாம் வாங்கிக் கிட்டங்கிகளில் அடைத்துவிட்டார்கள் என்று அங்கத்தைய பேப்பர்கள் எழுதின. இரண்டு வருடத்தில் குடும்பம் கனடாவுக்கு வந்தது. ரொறொன்ரோவில் இக்னேசியஸ் படம் விற்கிற ஒரு கலரிக்குப் போனார். உங்களுடைய படங்களை யார் யார் வாங்கியிருக்கிறார்கள் என்று அங்கிருந்த பெண் கேட்டாள். அரசாங்கம் என்றார். அது உதவிப் பணமல்லவா, விரும்பிக் காசு கொடுத்து வாங்கினவர்கள் யார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தார். அடுத்த மாதம் ஸ்காபரோவில் கடைகளுக்குப் போர்ட் எழுதும் வேலைக்குப் போகத் தொடங்கினார். புடவைக்கடை, நகைக்கடை, கொத்துரொட்டிக் கடை எல்லாவற்றிலும் அவர் எழுத்து இருந்தது. பிறகு எழுத்தையும் மிஷின் வெட்டி ஒட்டியது. கடைசியில் புது வீடுகளுக்குச் சுவர்ப் பெயின்ற் அடித்தார்.

செலீன் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கலியாண வீடோ, திருமுழுக்கோ, எங்கே போனாலும் பேச்சை வளைத்து அங்கே கொண்டுவந்துவிடுவாள். "இவற்ர படங்கள் ஒல்லாந்தில நகரசபை வழிய தொங்குது. அரசாங்கமே வாங்கினது." இக்னேசியஸ் பக்கத்தில் இருந்து சிரிப்பார்.

அந்தக் கடிதம் தொண்ணூற்று மூன்று இலையுதிர் காலத்தில் வந்தது. கிட்டங்கியைக் காலி செய்கிறோம், ஓவியர்கள் தங்கள் படங்களை இலவசமாகத் திரும்பப் பெறலாம், ஆறு மாதத்துக்குள் பதில் இல்லாவிட்டால் அகற்றப்படும் என்று எழுதியிருந்தது. ஒல்லாந்து மொழி அவளுக்கும் வாசிக்கத் தெரியும். நகரசபையிலாவது தொங்குவதாவது. சுற்றின கடுதாசிகூடப் பிரிக்காமல் கிடந்திருக்கின்றன. இதைக் காட்டினால் மனுசன் எழும்பமாட்டார் என்று பயந்து, ஆண்டவருக்குப் பின்னால், மட்டை இடுக்கால் உள்ளே செருகினாள். ஆறு மாதமும் போயிற்று. நூற்றுப் பன்னிரண்டு படங்களையும் தானே நெருப்பில் போட்ட மாதிரித்தான் அவளுக்கு அன்றிலிருந்து.

இப்போது பின்பக்கத்து மட்டையின் ஆணிகளைக் கறிக்கத்தியால் நெம்பினாள். மட்டை கழன்றது. உள்ளே இன்னொரு படம் இருந்தது.

சட்டம் இல்லாத வெறும் கன்வஸ். முதுகில் ஒல்லாந்து நகரசபையின் முத்திரை, ஒரு இலக்கம், திருப்பி அனுப்பிய திகதி. 1994 மார்ச். அதன்மேல் அவள் ஒளித்த கடிதமும், ஒரு படிவத்தின் நகலும் ஒழுங்காக மடித்து ஒட்டியிருந்தன. படிவத்தில் திருப்பி அனுப்ப வேண்டியவை என்ற இடத்தில் ஒன்று என்றும், அகற்றலாம் என்ற இடத்தில் நூற்றுப் பதினொன்று என்றும் எழுதியிருந்தது. கீழே கையெழுத்து. போர்ட் எழுதின அதே சாய்வெழுத்து.

திருஇருதயப் படத்தின் சிவப்பு பல்பை ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஏறி மாற்றுகிறவர் இக்னேசியஸ்தான். வீட்டில் வேறு யாரும் தொடாத இடம் என்று அவள் தேடிப் பிடித்த இடம், அவர் மட்டுமே தொடுகிற இடமாக இருந்திருக்கிறது.

செலீன் கன்வஸைத் திருப்பினாள்.

சுவரோரமாக ஒரு வரிசை மரக் கதிரைகள். ஒன்றைத் தவிர எல்லாம் வெறுங் கதிரைகள். அந்த ஒன்றில் பச்சைக் கோட் போட்ட ஒரு பெண், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்தபடி இருந்தாள். கோட்டின் நடுப் பொத்தான் பூட்டியிருக்கவில்லை, வயிறு ஏழு மாதம். குழு படம் பார்க்கும் நாட்களில் செலீன் நகரசபையில் அப்படித்தான் காத்திருப்பாள். அவர் அதைக் கீறியதோ, அதையும் விற்றதோ அவளுக்குத் தெரியாது.

"அம்மா, இது நீங்களா?" என்றாள் அனோஜா. "வயித்தில... தட்ஸ் மீ?"

செலீன் நிமிர்ந்து வெறுஞ்சுவரைப் பார்த்தாள். மூன்று கிழமைக்கு முன், பேச்சு இருக்கும்போது, இக்னேசியஸ் கேட்டிருந்தார். "செலீன், என்ர பெட்டியடியில போட்டோ வைக்க வேண்டாம். நான் கீறினதில ஒண்டை வையும்." எல்லாம் ஒல்லாந்திலயெல்லோ என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போய் நின்றாள். கடைசி நாளில் அவருக்குப் பேச்சு இல்லை. ஹோலில் போட்டிருந்த கட்டிலில் கிடந்தபடி கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். இரண்டு தரம் காட்டினார். ஆண்டவரைக் கேட்கிறார் என்று அவள் மெழுகுதிரி கொளுத்தி, அனோஜாவைக் கூப்பிட்டுச் செபமாலையைத் தொடங்கினாள். அவர் கையை மெல்ல இறக்கிவிட்டார். ஐம்பத்து மூன்று அருள்நிறை மந்திரத்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டு கிடந்தார். அன்று பின்னேரம் உயிர் போயிற்று.

பதினைந்து வருடமாக ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு பேரும் அந்தச் சுவருக்கு முன்னால்தான் முழங்காலில் நின்றிருக்கிறார்கள். ஆளுக்கொரு பக்கம் மறைத்துக்கொண்டு. அவள் சனத்துக்கு முன்னால் பெருமை பேசும்போதெல்லாம், அவள் மானம் கெடக்கூடாதென்று அவர் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"தூக்கு பிள்ளை" என்றாள். "காருக்குள்ள வை. வடிவா வை."

போகிற வழியெல்லாம் வானொலியில் வன்னியில் யுத்தம் முடிந்தது, முடியவில்லை என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். மே பதினெட்டு, விக்டோரியா விடுமுறை நாள். காரோட்டிய கிளிபோட், இக்னேசியஸின் தம்பி, வானொலியை நிற்பாட்டவும் இல்லை, கூட்டவும் இல்லை. வியூவிங் மண்டபத்தில் சனமே இல்லை. சனமெல்லாம் டவுன்ரவுனில் கொடி பிடித்துக்கொண்டு றோட்டில் இருந்தது. பெட்டியின் தலைமாட்டில் கிளிபோட் பெருப்பித்துச் சட்டம் போட்ட போட்டோ நின்றது. கீழே அவனே எழுதின வரி: ஒல்லாந்து அரசாங்கத்தின் ஓவியர்.

"உதை எடும் கிளிபோட். இதை வையும்."

"மச்சாள், முகத்தைப் பாக்கத்தானே சனம் வரும். இதென்ன, வெறுங் கதிரையள்?"

"அண்ணர் சொன்னது."

அவன் போட்டோவை இறக்கி ஓரமாக வைத்தான். கன்வஸை ஒரு மட்டையில் வைத்துக் கிளிப் மாட்டி, ஸ்டாண்டில் நிறுத்தினான். எழுதின வரியை அவனே மடித்துப் பையில் போட்டான்.

ஒவ்வொருவராக வந்தார்கள். நெஞ்சில் கறுப்பு ரிபன். பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பின்வரிசையில் போயிருந்து, தணிந்த குரலில் வேறு சாவுகளைப் பற்றிக் கதைத்தார்கள். வன்னியிலிருந்து யாருக்கும் போன் வரவில்லை, வந்தவர்களுக்கும் நல்ல சேதி வரவில்லை. செலீனுக்குத் தன் துக்கத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அறுபத்து நான்கு வயது, சொந்தக் கட்டில், தலைமாட்டில் நேர்ஸ், நோவுக்கு ஊசி. அங்கே மூட ஒரு துணி இல்லாமல் கிடக்கிறார்கள். இப்படியொரு சாவுக்கு வாய்விட்டு அழ யாருக்கு உரிமை இருக்கிறது? மூன்று நாளாக அவள் அழவில்லை.

எட்டு மணிபோல பாலேஸ்வரி வந்தாள். பிஸ்கற் பக்டரியில் செலீனோடு ஒரே லைனில் நின்று பெட்டி மடிக்கிறவள். டவுன்ரவுனிலிருந்து நேரே வந்திருந்தாள், வெயிலில் முகம் கறுத்திருந்தது. அவளுடைய தம்பி பிள்ளைகளோடு வன்னிக்குள். கடைசியாகக் கதைத்து இருபத்தொரு நாள். கையில் போனைப் பிடித்த பிடியாக இருந்தாள்.

பெட்டிக்கு முன்னால் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவள், படத்தைக் கண்டு நின்றாள். நின்றவள் நின்றபடியே நின்றாள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். வெளியே விடுமுறைக்குப் பிள்ளைகள் கொளுத்திய பட்டாசு படபடவென்று வெடிக்க, மண்டபத்தில் பாதிப் பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பாலேஸ்வரி திரும்பவில்லை.

"அக்கா" என்றாள். "இவ ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிறா?"

"புருசனை."

"வந்தவரோ?"

"ஓம். வந்தவர். சரியாப் பிந்தித்தான்."

பாலேஸ்வரி தலையாட்டினாள். பிறகு, கேட்கலாமா என்று தெரியாத குரலில் கேட்டாள். "குறை நினைக்காதேங்கோ அக்கா. சாவீட்டில கேக்கக் கூடாது. இந்தப் படத்தை விக்க மாட்டியளோ? என்ன விலையெண்டாலும் நான் ஓவர்டைம் செய்து தருவன். எனக்கு வீட்டில வச்சுப் பாக்க வேணும்."

செலீன் பெட்டியைப் பார்த்தாள். கோட் போட்டு, கையில் செபமாலை சுற்றி, இக்னேசியஸ் கிடந்தார். நூற்றுப் பன்னிரண்டு படம் கீறின மனுசன். இந்த ஒரு கேள்விக்கு எத்தனை வருடம் காத்திருந்தார்! மூன்று நாளாக வராத அழுகை அப்போது வந்தது. யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் சத்தமாக அழுதாள். அனோஜா ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குச் சனம் கலைந்தது. மண்டபத்துக்காரர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். முன்பக்கத்துக்கு வந்ததும் தயங்கி நின்றார்.

படத்துக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப்போட்டுப் பாலேஸ்வரி இருந்தாள். மடியில் கைப்பை, கைப்பைக்கு மேல் போன்.

இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று செலீன் அவருக்குக் கையால் காட்டினாள்.