குடைப்பட்டின் மூன்று மூலைகள்

கிட்டே வாருங்கள், கண்ணுகளே. ஒரு பட்டுத் துணியைப் பங்கு போட்ட அக்காள் தங்கையின் கதை சொல்கிறேன். கடைசிவரை இருந்து கேளுங்கள்.

ஆரணியில் தறி போட்ட சிங்கராயர், மாதா கோயில் பவனிக் குடைக்காகச் சிவப்புப் பட்டு நெய்து கொடுத்திருந்தார். ஆறு மூலை, ஆறு பக்கமும் ஒரே அளவு, நடுவில் சரிகைச் சிலுவை. அவர் கண்மூடிய வருஷம் கோயிலுக்குப் புதுக் குடை வந்தது. பழைய பட்டு அவருடைய பெண்களிடமே திரும்பியது. பெரியவள் சாரா. சின்னவள் பாக்கியமேரி, தேசூரில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவின் கைபட்டதென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

ஆளுக்குப் பாதி என்று பேச்சு. நேரே வெட்டினால் சிலுவை பிளந்துபோகும். அதனால் பாக்கியமேரி ஒன்று விட்டு ஒரு மூலையாகக் கோடு பிடித்து வெட்டினாள். நடுவில் சிலுவையோடு விழுந்த பெரிய முக்கோணத்தை அக்காளுக்குக் கொடுத்தாள். ஓரத்தில் விழுந்த மூன்று ஒடுங்கிய துண்டுகளைத் தான் எடுத்துக்கொண்டாள்.

சாரா தறிக்காரர் வீட்டுப் பெண். சேலைக்கு அகலத்தைத் தறியே வைத்துவிடும். ஓரத்தை முழம் போட்டால் போதும். இதற்கும் அப்படியே ஓரத்தைச் சுற்றி முழம் போட்டாள். தங்கையுடையது இரண்டு மடங்குக்கும் மேலே வந்தது.

“சிலுவயக் காட்டி என்ன ஏமாத்திட்ட இல்ல?” என்றாள்.

“ஓரத்த அளக்காதக்கா. மேல வச்சிப் பாரு.”

“முழம் போடத் தெரியாதவளாடி நான்? உன் வித்தைய தேசூர்ல போயிக் காட்டு.”

அதோடு போக்குவரத்து நின்றது. பாக்கியமேரிக்குக் காய்ச்சல் முற்றிவிட்டதென்று ஆள் வந்தபோதுதான் சாரா தன் பங்குத் துணியை மடியில் கட்டிக்கொண்டு வண்டி ஏறினாள். போய் இறங்கியபோது வாசலில் சவப்பெட்டி செய்துகொண்டிருந்தார்கள்.

தங்கையின் புருஷன் அற்புதராஜ் அந்த மூன்று துண்டுகளையும் கொண்டுவந்து நீட்டினான். கத்தரி படாமல் அப்படியே இருந்தன.

“அக்காவையே மேல வச்சிப் பாக்கச் சொல்லுன்னு சொல்லிகினே இருந்தா, அண்ணி.”

பெட்டிமேல் போர்த்த, சாரா நாலையும் ஒட்டுப்போட உட்கார்ந்தாள். துணியோடு துணியைச் சேர்ப்பதென்றால் ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்து ஓரத்தில்தானே தைப்போம்? ஒவ்வொரு துண்டாக முக்கோணத்தின்மேல் கவிழ்த்து, பக்கத்துக்கு ஒன்றாகத் தைத்தாள். மூன்றாவதும் முடிந்தது. விரித்துவிடப் போன கை நின்றுபோயிற்று. மூன்று துண்டுகளும் முக்கோணத்தை நிறைத்துப் படுத்திருந்தன. எங்கும் இடைவெளி இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் இல்லை. மூன்று முனைகளும் சிலுவையின்மேல் வந்து தொட்டுக்கொண்டிருந்தன.

“சரிபாதிடி,” என்றாள் சாரா, பெட்டியைப் பார்த்து. கேட்கத்தான் ஆளில்லை.

பிறகு மூலைகளை விரித்துப் போர்த்தினாள். ஆறு மூலையும் தங்கையோடு மண்ணுக்குள் போயின.

உங்கள் வீட்டில் கூடப் பிறந்தவர்கள், உயிரோடு இருக்கும்போதே ஒருவர் சொல்லை ஒருவர் வைத்துப் பார்க்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், பிள்ளைகள் குறையாமல், குடும்பம் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளே.