மறுபடி சொல்லாத காலை

லேபில் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'மறுபடி'. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால், "மறுபடி வந்தாச்சா?", "மறுபடி டீ குடிக்கப் போயிருக்கு" என்று ஓடும். ரத்த அணுக்களை எண்ணிச் சொல்வது என் வேலை, இருபத்திரண்டு வருடமாக. வருகிற எண்ணில் துளி சந்தேகம் இருந்தாலும் "மறுபடி ஓட்டு" என்பேன். சில நாள் சந்தேகமே இல்லாமலும் சொல்வேன். அதில் வந்த பெயர். வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

எனக்குக் கடவுள் நம்பிக்கையும் உண்டு. பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரருக்கு அது ஓயாத வேடிக்கை. "நாள் பூரா மைக்ரோஸ்கோப்பைப் பாக்குறீங்க, எப்படிம்மா சாமியும் கும்பிடுறீங்க?" என்பார். "ரெண்டுக்கும் கண்ணை வேற வேற மாதிரி மூடணும் சார், உங்களுக்குப் புரியாது" என்று வாயை அடைத்துவிடுவேன். உண்மையில் நான் எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். ஊசி குத்தும் வரை எவ்வளவு வேண்டுமானாலும் வேண்டிக்கொள்ளலாம். ரத்தம் டியூபுக்குள் வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பது இருப்பதுதான். அதற்கப்புறம் வேண்டுவது, எழுதி முடித்த பரீட்சைக்கு மார்க் போடச் சொல்லி ஆள் பிடிப்பது மாதிரி. கடவுளுக்கு அந்த வேலையெல்லாம் வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

எட்டு மாதத்துக்கு முன்னால் என் அண்ணனுக்கு ரத்தத்தில் நோய் என்று சொன்னார்கள். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் ஒரு குழாயைப் பதித்தார்கள். அந்த இடம் இப்போது புண்ணாகிவிட்டது, குழாயை எடுத்தாக வேண்டும். எடுப்பதில்தான் சிக்கல். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் நல்ல உடம்பில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கும். ஐம்பதாயிரமாவது இருந்தால்தான் குழாயில் கை வைக்க முடியும். இல்லாவிட்டால் ரத்தம் நிற்காது. அண்ணனுக்குப் போன வாரம் இருந்தது பத்தொன்பதாயிரம்.

அண்ணி தையல்காரி. மூன்று நாளாகத் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைக்காமல் விரதம். எனக்கு எரிச்சலாக வந்தது.

"நீங்க பட்டினி கெடந்தா அவருக்கு எப்படி அண்ணி ரத்தம் ஊறும்?"

"ஊறாதுதான். வேற நான் என்னத்தச் செய்ய, சொல்லு? உனக்காவது மெஷின் இருக்கு."

மூன்று நாள் பசியில் கன்னம் ஒட்டிப்போய் நிற்கிறவளிடம் என்ன வாதம் செய்வது?

அன்று காலை எட்டரைக்கு அண்ணன் பெயர் ஒட்டிய டியூப் வந்தது. சொந்தக்காரர் ரத்தத்தைத் தொடக் கூடாது, பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். நான் தள்ளவில்லை. எட்டு மாதமாகவே தள்ளியதில்லை. டியூபைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடினேன். ஆமாம், ரத்தம் உள்ளே வந்த பிறகுதான். 'இந்த ஒரு தடவை' என்று வேண்டிக்கொண்டேன். என் சட்டம் போன இடம் தெரியவில்லை.

ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் என்று வந்தது.

கூடவே திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. முந்தைய அளவோடு பொருந்தவில்லை, சரிபார் என்று அர்த்தம். அப்படி வந்தால் மறுபடி ஓட்ட வேண்டும், கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்க வேண்டும், இது அந்த ஆளின் ரத்தம்தானா என்று கேட்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் 'சரி' என்கிற பொத்தானை அழுத்தினேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். கூடத்தில் காத்திருந்த அண்ணிக்குப் போன் போட்டேன்.

"ஆண்டவன் கேட்டுட்டான்ல! நான் சொல்லல, கேட்டுட்டான்!" என்று அண்ணி கத்தியதில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

"போய் முதல்ல சாப்பிடுங்க அண்ணி."

மூன்று மணிக்குக் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த டியூப் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த யாரோ ஒருவருடையது. பதினாலாயிரம் என்று காட்டியது. இதற்கு மட்டும் வாய் திறந்தது. மறுபடி, மறுபடி என்று மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் அதே எண். ஒரு சொட்டைத் தகட்டில் தடவிச் சாயம் போட்டு வைத்துவிட்டு, தலைக்கு மேல் கிடந்த வேலையில் மூழ்கிப்போனேன். இரண்டு மணி சுமாருக்கு ஆபரேஷன் டாக்டர் போனில் பிடித்துக்கொண்டார்.

"கல்லு மாதிரி இருக்காருங்க அந்த ஆளு! பதினாலாயிரமா? உங்க மெஷினுக்கு என்ன பைத்தியமா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று தகட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக, முட்டை வடிவில் கிடந்தன. அண்ணன் சாப்பிடும் மருந்து அப்படித்தான் செய்யும். பிளேட்லெட் அங்கொன்றும் இங்கொன்றும். எட்டு மாதமாக வாரம் தவறாமல் பார்த்த ரத்தம். கூட்டத்தில் நம் வீட்டு ஆளை முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்போமே, அப்படித் தெரிந்துபோனது.

மைக்ரோஸ்கோப் விளக்கை அணைத்தேன். இதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை, ஒரு நிமிஷம் அணைத்துத்தான் வைத்திருந்தேன். அந்த ஆளுக்கு மறுபடி ரத்தம் எடுத்தால் எல்லாம் நன்றாக வரும், மெஷின் கோளாறு என்று முடிந்துவிடும், அண்ணனின் ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் அப்படியே இருக்கும் என்று புத்தி ஓடியது. யாருக்கும் தெரியப்போவதில்லை. தூ, என்ன ஜென்மம் நான்! மூன்று மணிக்கு அவன் நெஞ்சில் கை வைக்கப்போகிறார்கள்.

அண்ணன் பெயர் ஒட்டிய டியூபிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வகை பார்த்தேன். 'ஓ' என்றது. அண்ணன் பிறந்ததிலிருந்து 'பி'. ரத்தம் எடுக்கும் அறையில் அண்ணனும் அந்த ஆளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எல்லோருக்கும் எடுத்து முடித்துவிட்டுக் கடைசியில் மொத்தமாக ஸ்டிக்கர் ஒட்டுகிற பழக்கம் அங்கே. அதில் மாறியிருக்கிறது. ஒட்டியவளைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

வார்டில் போனை யாரும் எடுக்கவில்லை. மூன்று மாடி ஏறி ஓடினேன். அண்ணனைப் படுக்க வைத்து நெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எடுக்காதீங்க டாக்டர். அது அவர் ரத்தம் இல்ல. ரெண்டு டியூபும் மாறிப்போச்சு. மெஷின் எச்சரிச்சுது, நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டார். "உங்களுக்கே இப்படின்னா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வெளியே அண்ணி கையில் பாதி ரொட்டியோடு நின்றாள். சொன்னேன். ரொட்டியைக் காகிதத்தில் மெல்லச் சுற்றினாள்.

"அப்ப காலையில நான் நன்றி சொன்னது..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் காலில் விழாத குறையாக நின்றேன்.

சக்கர நாற்காலியில் வந்த அண்ணன்தான் சிரித்தான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் காட்டினான். முழுக்க ரத்தப் பொட்டுகள்.

"காலையில பல்லு விளக்கும்போதே தெரியும் பாப்பா. ஈறுல நிக்கவே இல்ல."

"அட பாவி மனுஷா, ஏன் வாயத் திறக்கல?"

"எங்க திறக்க? நீ மெஷின் சொல்லுச்சுன்ன. இவ சாமி குடுத்துச்சுன்னா. ரெண்டு பெரிய ஆளுங்க பேசும்போது நடுவுல நான் யாரு?" சிரிப்பு நின்றது. "உடம்பு என்னுதுதான். ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல."

அண்ணி முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு மூடிக்கொள்ளக்கூடத் தெம்பில்லை.

நானே ஊசியை எடுத்து வந்தேன். விதிப்படி, ஆளையே கேட்க வேண்டும். "பிறந்த தேதி சொல்லு" என்றேன். சொன்னான். அவன் கண் முன்னாலேயே ஸ்டிக்கரை ஒட்டினேன்.

"இன்னும் குத்தலைல்ல? இப்ப வேண்டிக்கலாமா?" என்றாள் அண்ணி. என் சட்டம் அவளுக்கும் தெரியும்.

"வேண்டிக்குங்க அண்ணி."

"சீக்கிரம் ஆகட்டும், கை கடுக்குது" என்றான் அண்ணன்.

நானும் கண்ணை மூடினேன். எண் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. வருவதை உள்ளபடி பார்க்கிற தைரியத்தை மட்டும் கேட்டேன்.

இந்தத் தடவை டியூபைக் கண்ணாடிக்காரரிடம் தள்ளினேன். பதினோராயிரம் என்றார்.

"மறுபடி" என்றேன்.

மறுபடி ஓட்டினார், தகட்டையும் பார்த்தார். பதினோராயிரம்தான். வேடிக்கைப் பேச்சு எதுவும் பேசாமல் ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தார்.

அதோடு மூன்று மாடி ஏறினேன். அண்ணன் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தான். அண்ணி அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் என் கையிலிருந்த காகிதத்தையே பார்த்தார்கள். அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"உனக்கு எப்படிண்ணா இருக்கு?" என்றேன்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன். அவன் என் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"ரொம்பக் களைப்பா இருக்கு பாப்பா" என்றான்.